மாதத்துக்கும் ஆயுளுக்கும் நடுவே: பிலிமத்தலாவையில் குறுங்கால வாடகை

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி, கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்த பின்னர், பேராதனையை அடைவதற்கு முன்னால், பிலிமத்தலாவைக் கடைத்தெருவின் ஊடாகச் செல்கிறது. கண்டி நகரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தூரத்திலுள்ள இவ்வூரைப் பித்தளைக் குத்துவிளக்குகள் விற்கும் கடைகளைக் கொண்டு சிலர் அறிவர். கடலாதெனிய, லங்காதிலக விகாரைகளுக்கும் எம்பக்கே தேவாலயத்து மரத்தூண்களுக்கும் திரும்பிச் செல்லும் வழியாக யாத்திரிகர் அறிவர். 1344இல் கடலாதெனியவை எழுப்பிய சிற்பாசாரியார் கணேஸ்வராசாரி என்னும் தென்னிந்தியர் என்பதும், லங்காதிலகவில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது என்பதும் சரித்திரம் படித்தோருக்குப் புதிய செய்திகள் அல்ல. ஆனால் விளக்கு வாங்கும் உத்தேசமோ விகாரை தரிசிக்கும் நோக்கமோ இன்றி, கையில் ஒரு பெட்டியும் தொலைபேசியில் ஒரு தரகரின் இலக்கமுமாக இங்கே பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கின்றனர். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

அவர்கள் நாடுவது ஆறு மாதம், எட்டு மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம் தங்குவதற்கான இருப்பிடம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விடுதி கிடைக்காத மாணவர், போதனா வைத்தியசாலையில் பயிற்சிக்கு வந்த தாதியர், தற்காலிக நியமனம் பெற்ற ஆசிரியர், நோயாளியோடு வந்து நீண்ட சிகிச்சைக்காகத் தங்கும் குடும்பத்தினர், வெளிநாட்டு விசாவை எதிர்பார்த்திருக்கும் இளந்தம்பதியர் எனப் பலதரத்தினர் இதில் அடங்குவர். அடுக்குமாடிக் குடியிருப்பு என்று விளம்பரங்கள் பேசினாலும், பிலிமத்தலாவையிலும் அதன் அயலிலும் கிடைப்பது பெரும்பாலும் ‘அனெக்ஸ்’தான், அதாவது, வீட்டுச் சொந்தக்காரர் கீழே வசிக்க, வெளிப்புறத்துப் படிக்கட்டால் ஏறிச் செல்லத்தக்க மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலிடமும், அல்லது கடைக்கு மேலே தகரக்கூரையின் கீழ் அமைந்த ஒரு பகுதி. சாப்பாட்டோடு கூடிய தனி அறையாயின் அதற்குப் ‘போர்டிங்’ என்று பெயர். சிங்கள மாணவர் ‘போடிம’ என்பார்கள்.

இத்தகைய குடியிருப்பைத் தேடுபவருக்கும் கொடுப்பவருக்கும் இடையே நடக்கும் பேரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. எத்தனை மாத அட்வான்ஸ், கரண்ட் பில்லை எப்படிப் பங்கிடுவது, இரவில் எத்தனை மணிக்குக் கேற்றைப் பூட்டுவது, விருந்தினர் வரலாமா, இறைச்சி சமைக்கலாமா என்பனவெல்லாம் அணு அணுவாகப் பேசித் தீர்க்கப்படும். இருவருக்குமிடையே சட்டரீதியாக உண்டாகும் பந்தம் யாது என்பது மட்டும் பிரஸ்தாபிக்கப்படுவதே இல்லை. இது இருவரின் அசிரத்தையால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. இலங்கையின் வாடகைச் சட்டம் கடந்த 180 ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு காலஅளவுகளையே தெளிவாகக் கண்டிருக்கிறது: ஒன்று மாதம், மற்றது ஏறக்குறைய ஆயுட்காலம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு வீடு வேண்டுகிற மனிதன் அதன் கண்ணில் தெளிவாகப் பட்டதே இல்லை. அவன் பொருட்டுச் சட்டம் செய்யாததை வழக்காறும் சந்தேகமும் செய்து வருகின்றன.

பணம் கொடுத்து ஓரிடத்தில் சிலகாலம் வசிப்பது என்பதே மலைநாட்டில் பழைய ஏற்பாடு அன்று. வழிப்போக்கன் ஓரிரவு தங்க அம்பலங்கள் இருந்தன. கடுகண்ணாவையில் வீதியோரத்தில் அப்படியொன்றை இன்றும் காணலாம். அதற்கு வாடகை இல்லை, உரிமையும் இல்லை. நீண்டகாலம் வசித்தவர்களோ நிலத்தைச் சேவைக்காக அனுபவித்தவர்கள்: தேவாலயத்துக்கு மேளம் அடிப்பவன், விளக்கு வார்ப்பவன், பல்லக்குச் சுமப்பவன் ஒவ்வொருவனுக்கும் அத்தொழிலின் பேரால் ஒரு துண்டு நிலம் உண்டு, தொழில் நின்றால் நிலமும் கேள்விக்குரியது. மன்னருக்குச் செய்யவேண்டியிருந்த இராஜகாரியத்தை ஆங்கிலேயர் 1832இல் ஒழித்தார்கள். கோயில் நிலங்களின் சேவையை ஒழிக்காமல், 1870ஆம் ஆண்டின் சேவைப் பற்றுடைமைக் கட்டளைச் சட்டத்தால், விரும்பினால் பணமாகச் செலுத்தலாம் என்று ஒழுங்கு செய்தார்கள். இப்பிரதேசத்தில் வசிப்பிடத்துக்கும் காசுக்கும் நேரடியான தொடர்பு இவ்வாறு காலந்தாழ்த்தியே ஏற்பட்டது. 1660இல் சிறைப்பட்டு, கண்டி அரசனின் நாட்டில் 1679 வரையில் காவலில் இருந்த ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், முதலில் கிராமத்தாரின் பொறுப்பில் அவர்கள் தந்த உணவை உண்டு ஊர் ஊராக இருக்க வைக்கப்பட்டு, பின்னர் உடுநுவரையைச் சேர்ந்த எலதத்தையில் 25 லாறின் கொடுத்து நிலமொன்றை வாங்கிக்கொண்ட விருத்தாந்தத்தை அவருடைய நூலில் படிக்கிறபோது, விருந்தாளிக்கும் சொந்தக்காரனுக்கும் நடுவே வாடகைக்காரன் என்னும் படிநிலையே அங்கு தென்படாதது கவனிக்கத்தக்கது.

தோட்டப்புறத்துத் தமிழருக்கு இந்தக் கதை வேறொரு வகையில் பரிச்சயமானது. பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயன் காம்பராவுக்கு வாடகையும் கிடையாது, உறுதியும் கிடையாது. பெயர்ப் பதிவு இருக்கும்வரை காம்பரா, பெயர் வெட்டப்பட்டால் காம்பராவும் போயிற்று. கோயிலின் சேவைப் பற்றுக்கும் தோட்டத்தின் லயத்துக்கும் தத்துவத்தில் ஒற்றுமை மிகுதி என்பது என் அபிப்பிராயம். கோயில் பற்றுக்குச் சாசனமும் பட்டோலையும் இருந்தன, லயத்துக்குத் துரையின் செக்றோல் என்னும் பெயர்ப் பதிவேடு மட்டுமே இருந்தது என்பதுதான் பேதம். தபால்காரர் நேரடியாக வந்து கடிதம் கொடுக்கத்தக்க தனி விலாசம்கூட இல்லாத அந்த வரிசைகளிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் பிள்ளைக்கு, பிலிமத்தலாவை அனெக்ஸ் என்பது குடும்பத்தின் சரித்திரத்திலேயே காசு கொடுத்துப் பெறும் முதல் வசிப்பிடமாகவும் இலக்கத்தோடு கூடிய முதல் விலாசமாகவும் அமைவது உண்டு. ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ மகளை அழைத்து வந்த தகப்பனார், “அம்மா, புள்ளைய உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்” என்று வீட்டுக்கார அம்மையாரிடம் சொல்லும்போது, அவர் ஒப்பந்தம் செய்கிறாரா, அடைக்கலம் கேட்கிறாரா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

சட்டத்துக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, அசையா ஆதனத்தைப் பாதிக்கும் எந்த உடன்படிக்கையும் எழுத்தில் அமைந்து, பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கைச்சாத்திடப்பட்டாலன்றிச் செல்லாது என விதிக்கிறது. கோப்பித் தோட்டங்களுக்காக நிலம் கைமாறத் தொடங்கிய காலத்தில், பொய் உறுதிகளும் பொய்ச் சாட்சிகளும் மலிந்துவிடாமல் தடுக்க இத்தகைய கண்டிப்பு அவசியமாயிருந்தது. அதே பிரிவு ஒரு சிறு விலக்கையும் அளித்தது: இரு தரப்பாரும் இசையும்வரை நீடிக்கும் குத்தகையும், ஒரு மாதத்துக்கு மேற்படாத குத்தகையும் நொத்தாரிசை நாட வேண்டியதில்லை.

இந்த ஒரு மாத எல்லைதான் இன்றைய அனெக்ஸ்களின் அஸ்திவாரம். சொந்தக்காரரும் குடியிருப்பவரும் கடையில் வாங்கிய படிவத்திலோ கணினியில் அடித்த தாளிலோ ‘ஒரு வருட காலத்துக்கு’ என்று எழுதி, முத்திரை ஒட்டிக் கையெழுத்தும் போட்டுக்கொள்கிறார்கள்; நொத்தாரிசு அதைத் தம் கையால் அத்தாட்சிப்படுத்தாதவரை, சட்டத்தின் பார்வையில் அது ஒரு வருடக் குத்தகை அன்று. குடியேறி மாதாமாதம் வாடகை செலுத்தி வந்தால், அந்த நடத்தையிலிருந்து மாத வாடகைக் குடியிருப்பு ஒன்று உண்டானதாக நீதிமன்றங்கள் கொள்ளும். அதை முடிப்பதற்கு, எமது பொதுச் சட்டமாகிய உரோமன்–டச்சுச் சட்டத்தின்படி, மாத இறுதியோடு முடிவடையுமாறு ஒரு மாத அறிவித்தல் போதும். ஆகவே, பரீட்சை முடியும்வரை இருக்கலாம் என்று பன்னிரண்டு மாதத்தை நம்பி ஆறு மாத அட்வான்ஸ் செலுத்திய மாணவி, உண்மையில் பன்னிரண்டு முறை புதுப்பிக்கப்படும் ஒரு மாத உரிமையையே பெற்றிருக்கிறாள். சாப்பாடு கொடுத்து, அறையைத் துப்புரவு செய்து, சாவியின் மறுபிரதியையும் வீட்டார் வைத்திருக்கும் போர்டிங்கிலோ நிலைமை இன்னும் மெலிந்தது: தனி ஆட்சி அவளிடம் இல்லாமையால் அது வாடகையே அன்று, வெறும் அனுமதி என்று வாதிக்கவும் இடமுண்டு.

நொத்தாரிசிடம் போவதில் என்ன கஷ்டம் என்று வாசகர் கேட்கலாம். செலவு ஒரு காரணம். ஆறு மாதத்துக்காக இரண்டு சாட்சிகளையும் அழைத்துக்கொண்டு கண்டி நீதிமன்றச் சூழலிலுள்ள காரியாலயத்துக்குப் போய் வர எவருக்கும் உற்சாகம் பிறப்பதில்லை. ஆனால் உண்மையான காரணம் பயம். அந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. தலைநகரைவிட்டு ஜனங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடிய அதே வருஷத்தில், யுத்தகால நெருக்கடியைச் சாட்டி வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றிவிடாதபடி 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசியப் படைத்தலைமையைத் தில்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றியபோது, கண்டிச் சுற்றுப்புறமே அதிகாரிகளாலும் சிப்பந்திகளாலும் நிறைந்தது. யுத்தம் முடிந்தது; கட்டுப்பாடு முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் அதை ஸ்திரமாக்கி, 1941 நவம்பர் மாதத்தில் இருந்த வருடாந்தப் பெறுமதியை நியம வாடகைக்கு அளவுகோலாக வைத்தது. அவசரகால ஏற்பாடுகள் நிரந்தரமாவது இந்நாட்டுக்குப் பிற்காலத்தில் வேறு துறைகளிலும் வழக்கமாகிவிட்டது.

பின்னர் ஐக்கிய முன்னணி அரசாங்கம் வந்தது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், குறிப்பிட்ட காரணங்களின்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாதெனவும், அவர் இறந்தால் அதே வீட்டில் வசித்த குடும்பத்தார் அவ்வுரிமையைத் தொடரலாமெனவும் வகுத்தது. மறுவருஷம், வீடமைப்பு அமைச்சர் பீற்றர் கெனமன் காலத்தில், 1ஆம் இலக்க வீட்டாதன உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கே எல்லை கட்டி, மிகையான வீட்டை அதில் வாடகைக்கு இருப்பவரே வாங்கிக்கொள்ள வழி செய்தது. மாதந்தோறும் முப்பது, நாற்பது ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, எப்போது வெளியே போகச் சொல்வார்களோ என்று ஏங்கிக்கொண்டிருந்த எழுதுவினைஞனுக்கும் தொழிலாளிக்கும் இச்சட்டங்கள் அளித்த நிம்மதியைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. கண்டி நகரத்துப் பழைய வீதிகளில் தலைமுறையாக ஒரே வீட்டில் நிலைத்துவிட்ட குடும்பங்கள் பல இச்சட்டத்தின் நிழலில் வாழ்ந்தவையே.

எனினும், பாதுகாப்பு இத்துணை கனமாயிருக்கும்போது, அதைச் சுமக்க விரும்பாதவன் கதவைத் திறக்கவே மாட்டான். வீட்டை வாடகைக்கு விட்டால் திரும்பக் கிடைக்காது என்னும் எண்ணம் சொந்தக்காரர் மனத்தில் வேர்கொண்டது. சிலர் வீட்டைப் பூட்டியே வைத்தனர். சிலர் உறவினருக்கு மட்டும் கொடுத்தனர். சிலர் சட்டம் தடுத்த மிகை வாடகையைச் சாவிப் பணமாக ஒரேயடியாகக் கறந்துகொண்டனர். 1980ஆம் ஆண்டுத் திருத்தம் புதிதாக வாடகைக்கு விடப்படும் வசிப்பிடங்களைக் கட்டுப்பாட்டிலிருந்து பெரும்பாலும் விலக்கிவிட்டது. ஆக, அதற்குப் பின் எழுந்த மாடி அனெக்ஸின் சொந்தக்காரர் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அஞ்ச வேண்டிய காரணம் சிறிதே. ஆனாலும் தகப்பனாரின் வழக்கைப் பார்த்து வளர்ந்த மகன் அஞ்சுகிறான். “எழுத்தில் குடுத்தா எழும்ப மாட்டாங்க” என்று தரகர் சொல்வதை அவன் சட்ட ஆலோசனையைவிட மேலாக நம்புகிறான். செத்துப்போன சட்டத்தின் பயம் உயிரோடு இருந்து, உயிரோடு இருக்கும் சட்டத்தின் வசதியைப் பயன்படுத்தவொட்டாமல் தடுக்கிறது.

இனி, இந்த அனெக்ஸ்களின் தேவை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தை, முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ், எல்லா மாணவரும் வளாகத்துக்குள்ளேயே தங்கிப் படிக்கும் கலாசாலையாகக் கற்பனை செய்தார். இராமநாதன் மண்டபமும் அருணாசலம் மண்டபமும் ஜயதிலக மண்டபமும் அந்தக் கற்பனையின் கல்லான வடிவங்கள். ஹந்தானை மலையடிவாரத்தில் புல்வெளியும் பூமரமும் சூழ அவை நிற்கும் அழகை இன்றும் ரசிக்கலாம். ஆனால் சுயபாஷைக் கல்வி பல்கலைக்கழகத்தை எட்டி, 1960களில் கலைப்பீடத்துக்குக் கிராமத்துப் பிள்ளைகள் திரளாக வந்தபோது மண்டபங்கள் போதவில்லை. 1962இல் மருத்துவ பீடமும், 1964இல் கொழும்பிலிருந்து பொறியியல் பீடமும் வந்து சேர்ந்தன. 1980இல் போதனா வைத்தியசாலை திறக்கப்பட்டது. இராஜதானியாயிருந்த கண்டி நகரமோ மலைகளுக்கும் வாவிக்கும் நடுவே விரிய வழியின்றி இருந்தது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றபின், நினைத்தபடி இடித்துக் கட்டவும் இயலாது. ஆகவே, நகரத்தில் கொள்ளாத ஜனம் கட்டுகஸ்தோட்டைக்கும் குண்டசாலைக்கும் பிலிமத்தலாவைக்கும் பரவியது. பேராதனையிலிருந்து கண்டிக்குள் நுழையும் வீதியில் காலை வேளையில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு, பல்கலைக்கழகத்துக்கு மேற்கே வசிப்பதன் பிரயோஜனத்தை விளக்க வேண்டியதில்லை. சிங்களத்திலும் தமிழிலும் குருமாணவரைப் பயிற்றும் இலங்கை இறையியற் கல்லூரி 1963இலிருந்து இவ்வூரில் இருப்பதால், தமிழ்ப் பேச்சு இங்கே முற்றிலும் அந்நியமாகவும் இல்லை.

எழுத்தில்லாத ஏற்பாட்டில், எழுத்தின் இடத்தை எது நிரப்புகிறது? ஆளை எடைபோடும் கேள்விகளே. எந்த ஊர், என்ன வேலை, யார் அனுப்பினார்கள், தேசிய அடையாள அட்டையின் பிரதி எங்கே, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பது எல்லாருக்கும் பொதுவானதுதான். ஆயினும், தமிழனுக்கு அக்கேள்விகள் வேறு கனத்தோடு வந்தன. 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே, வீட்டில் வசிப்போரின் பட்டியலை வீட்டுக்காரரிடம் பொலிஸார் கோருவதற்கு ஏற்பாடு இருந்தது. பிற்கால உள்நாட்டு யுத்தத்தின்போது அந்தப் பட்டியல் தமிழ்க் குடியிருப்பாளரின் நாளாந்த விதியாகிற்று. பதிவுத் துண்டு இல்லாதவனை வைத்திருக்க வீட்டுக்காரர் துணியவில்லை, பெயரைக் கேட்டமாத்திரத்திலேயே ‘அறை முடிந்துவிட்டது’ என்றவர்களும் உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில், கொழும்பின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர், தக்க காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள் என்று கூறி, பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவை ஏற்று அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்த லொட்ஜுகளில் இருந்தவர்கள் யார்? கடவுச்சீட்டுக்காகவும் வைத்தியத்துக்காகவும் வேலைக்காகவும் சில வாரம், சில மாதம் தங்க வந்தவர்கள். நாட்கணக்கில் வாடகை கொடுத்தவனுக்கு ‘இது என் வசிப்பிடம்’ என்று காட்ட ஒரு தாள் இருந்திருக்குமாயின் பஸ் வந்திராது என்று நான் வாதிக்கவில்லை. ஆனால் தங்குவதற்கான காரணத்தை அரசாங்கத்துக்கு விளக்க வேண்டிய கடமை குறுங்காலத்தவனுக்கு மட்டும் ஏன் உண்டானது என்ற வினா, கண்டிப் புறநகர் அனெக்ஸ் வாசலிலும் கேட்கத்தக்கதே.

விருந்தாளிக்கு இந்நாடு காட்டும் முகம் வேறு. 1922 மார்ச் மாதத்தில் ஆங்கில நாவலாசிரியர் டி. எச். லோறன்ஸ், அமெரிக்க நண்பர்களான புரூஸ்டர் தம்பதியர் கண்டி வாவிக்கு மேலே வாடகைக்கு எடுத்திருந்த ‘ஆர்ட்னரி’ பங்களாவில் ஏறத்தாழ ஆறு வாரம் தங்கினார். வேல்ஸ் இளவரசருக்காக நடந்த பெரஹராவைக் கண்டார். உஷ்ணத்தைச் சபித்துக்கொண்டே கப்பலேறினார். இன்று அவரைப்போன்றவருக்கு ஏயர்பிஎன்பி இருக்கிறது. நாள் வாடகையில் வெளிநாட்டார் தரும் தொகை, மாத வாடகையில் மாணவி தரக்கூடியதைவிடக் கவர்ச்சியாயிருப்பதால், யன்னலைத் திறந்தால் மலை தெரியும் மாடிகள் அப்பக்கம் சாய்கின்றன. இதைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. சொந்தக்காரரைக் குறை கூறவும் இயலாது.

அண்மையில் பாராளுமன்றம் ஒரு காரியம் செய்தது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையை மீளப் பெறுவதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் துரிதமான நடைமுறையை உண்டாக்கிற்று. வருஷக்கணக்கில் இழுபடும் வழக்குகளைக் கண்டு சலித்த சொந்தக்காரர்களுக்கு இது ஆறுதல். ஆயினும் அந்தத் துரிதம் நொத்தாரிசு அத்தாட்சியுள்ள குத்தகைக்கே உரியது. ஆகவே, பிலிமத்தலாவை அனெக்ஸை அது எட்டுவது அரிது. மேலும், வீட்டைத் திரும்பப் பெறுவதற்கு விரைவு வழி வகுத்தவர்கள், அட்வான்ஸைத் திரும்பப் பெறுவதற்கு அதற்கிணையான வழியொன்றை வகுக்கவில்லை. வெளியேறும்போது சுவர்ப் பூச்சு, உடைந்த குழாய், கரண்ட் பில் எனக் கழித்துக்கொண்டு எஞ்சியதைப் ‘பிறகு தாறன்’ என்று சொல்பவரிடம் எதிர்த்து நிற்க மாணவிக்கு அவகாசமும் இல்லை, வழக்குச் செலவும் இல்லை. இந்தக் கரண்ட் பில்லே தனிக்கதை: பாவனை ஏற ஏற அலகின் விலையும் ஏறும் கட்டண முறையில், இரு குடும்பம் ஒரே மீற்றரில் எரித்தால் இருவருமே உயர்ந்த படிக்குத் தள்ளப்படுவர், அந்த மிகையை யார் சுமப்பது என்பதில் முறியும் உறவுகள் வாடகைத் தகராற்றில் முறிவனவற்றுக்குக் குறைந்தவை அல்ல.

பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் இதே நோய் வேறு குறியோடு இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் விதித்ததால், பதினொரு மாத ஒப்பந்தம் அங்கே தேசிய சம்பிரதாயமாகியது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் சாதாரணமாயிற்று. 1960ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, 2019 பிப்ரவரியில் அமுலுக்கு வந்த புதிய சட்டம், எவ்வளவு குறுகிய காலத்துக்காயினும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாதல் வேண்டும், அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது என்றது. ஊரார் அதை முழுமனத்தோடு பின்பற்றுகிறார்கள் என்று சொல்வதற்கில்லை. பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் கேட்கிறார்கள். எனினும், மூன்றுக்கு மேல் கொடுத்தவன் எதைச் சுட்டிக்காட்டிப் பேசுவது என்பதற்கு இப்போது ஓர் இலக்கம் இருக்கிறது.

இலங்கையில் இதற்குப் பெரிய சட்டப் புரட்சி வேண்டியதில்லை என்பது என் துணிபு. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘ஒரு மாதம்’ வசிப்பிடங்களைப் பொறுத்தவரை ‘ஒரு வருடம்’ என்று திருத்தப்பட்டு, அத்தகைய குத்தகையை மும்மொழியிலும் அச்சிட்ட ஒரு பக்கப் படிவத்தில், நொத்தாரிசு இன்றி, பிரதேச சபைக் காரியாலயத்தில் கைச்சாத்திட்டு ஒரு பிரதியை அங்கே ஒப்படைக்கலாம் என்றால், நடுக்காலத்து மனிதனுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைக்கும். சொந்தக்காரருக்கும் குறித்த நாளில் வீடு திரும்பும் என்ற உறுதி கிடைக்கும். அட்வான்ஸையும் அப்படிவத்திலேயே எழுதலாம். யட்டிநுவரப் பிரதேச சபையிடம் சோலை வரிக்காக வீட்டு இலக்கங்களின் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் இந்த யோசனையை வீட்டுச் சொந்தக்காரர் ஒருவரிடம் பிரஸ்தாபித்தபோது, அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டபின், மாடியை வாடகைக்கு விட்டிருப்பது சபைக்குத் தெரிந்தால் வரி ஏறாதா என்று மட்டும் வினவினார், ஏறும் என்றேன், அப்படியானால் மாத வாடகையே சௌகரியம் என்றார்.